டிக்கிக் கதவின் கீழ்விளிம்பில் திரும்பத் திரும்ப வரும் துரு: ஒட்டுப் போடுவதா, கதவையே மாற்றுவதா?

நாகலூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சிறிய காபித் தோட்டம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். வாரத்திற்கு மூன்று முறையாவது சேலத்திற்கு இறங்கி ஏற வேண்டியிருப்பதால், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஐந்து கதவுள்ள சிறிய கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 2016ஆம் ஆண்டு வண்டி. முதல் உரிமையாளர் சென்னையில் கடற்கரையை ஒட்டிய குடியிருப்பில் வசித்தவர். எஞ்சினில் இதுவரை ஒரு குறையும் இல்லை, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மூச்சு வாங்காமல் ஏறுகிறது. என் கவலை முழுவதும் பின்னால் மேல்நோக்கித் திறக்கும் டிக்கிக் கதவைப் பற்றியது.

போன கார்த்திகையில் மழை ஓய்ந்த ஒரு நாள் வண்டியைக் கழுவியபோது, அந்தக் கதவின் கீழ்விளிம்பில், நம்பர் பலகைக்கு நேர் கீழே, கடுகளவில் நான்கைந்து கொப்புளங்களைப் பார்த்தேன். நகத்தால் கீறியதும் பெயின்ட் செதிலாக உரிந்து, உள்ளேயிருந்து காபித்தூள் நிறத்தில் பொடி கொட்டியது. சித்திரையில் சேலத்தில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். தேய்த்து, பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து, பெயின்ட் அடித்து, மூன்றே நாளில் கொடுத்துவிட்டார்கள். பார்க்கப் புதுக் கதவு போலவே இருந்தது. ஏழாவது மாதத்தில் அதே இடத்தில் கொப்புளம் மறுபடியும் வந்துவிட்டது. இம்முறை கடுகளவில் இல்லை, சுண்டைக்காய் அளவில். நம்பர் பலகை விளக்குகள் பொருத்தியிருக்கும் குரோம் பட்டையின் ஓரத்திலிருந்தும் பழுப்பு நீர் வழிந்து காய்ந்த கோடு தெரிகிறது. விளிம்பை விரலால் அழுத்தினால் ஓரிடத்தில் மட்டும் அப்பளம் நொறுங்குவது போன்ற ஓசை கேட்கிறது.

இன்னொரு பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, உள்ளே அரித்துவிட்டது என்றும், பழைய கதவு ஒன்றைத் தேடி மாட்டிவிடுவதே மலிவு என்றும் சொல்கிறார். ஒட்டுப் போட்டால் நிற்குமா? மாற்றினால் அந்தக் கதவுக்கும் இதே கதி வராமல் என்ன செய்ய வேண்டும்? இரண்டாவது கேள்விக்கான விடைதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் வண்டி நிற்பதும் ஓடுவதும் இதே பனியிலும் மழையிலும்தான்.


கொண்டலாம்பட்டி பட்டறை எழுதியது:

வணக்கம் ஐயா. முப்பது ஆண்டுகளாக டிங்கரிங் (தகட்டைத் தட்டிச் சீராக்குவது), பெயின்டிங் வேலை செய்கிறேன். ஒட்டா மாற்றா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். கொப்புளம் வெளியிலிருந்து உள்ளே போனதா, உள்ளிருந்து வெளியே வந்ததா என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பேச்சு.

கல் தெறித்தோ கீறல் விழுந்தோ பெயின்ட் உடைந்த இடத்தில் வரும் துரு, நடுவில் ஒரு புள்ளியாகத் தொடங்கி, சுற்றிலும் பெயின்டுக்கு அடியில் ஊர்ந்து பரவும். உங்களுடையதில் பெயின்ட் எங்கும் உடையவில்லை, தானாக உப்பியிருக்கிறது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். அது பின்னாலிருந்து தள்ளியதால்தான் பெயின்ட் உப்பியது. அழுத்தினால் நொறுங்கும் ஓசை கேட்கிறது என்றால், அங்கே தகடு பெயருக்குத்தான் இருக்கிறது, உங்கள் விரல் அழுத்துவது போன சித்திரையில் வைத்த பட்டியை.

டிக்கிக் கதவு ஒரே தகடு அன்று. வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று. சோமாசியின் ஓரத்தை மடித்து ஒட்டுவதைப் போல, வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின் மேல் மடித்து அழுத்தியிருப்பார்கள். அந்த மடிப்புக்குள் பெயின்ட் முழுமையாகப் போய்ச் சேர்வது கடினம்; தண்ணீரோ எளிதாகப் போய்ச் சேர்ந்துவிடும், போனது எளிதில் திரும்பி வராது. கதவு மூடியிருக்கும்போது தொட்டியின் அடிபோல இருப்பதும் அந்த மடிப்புதான். உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேறுவதற்காகவே கீழ்விளிம்பில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். அவை இருக்கின்றன என்று தெரிந்துவைத்திருக்கும் உரிமையாளர்கள் மிகக் குறைவு. கதவு மூடும் இடத்திலுள்ள ரப்பர் பட்டைக்கு (பீடிங்) வெளிப்பக்கம், குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கதவின் உட்பக்கத்து பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். ஒன்றிரண்டு திருகுகளும் மீதியெல்லாம் கிளிப்புகளுமாக இருக்கும், வெயிலில் வண்டி சற்றுச் சூடான பிறகு இழுத்தால் கிளிப்பு உடையாது. உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குத் திறப்புகள் இருக்கும். டார்ச் அடித்து அடிப்பகுதியைப் பாருங்கள், விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அதன் பிறகு பின் வைப்பர் தண்டைச் சுற்றியும், மேலேயுள்ள பிரேக் விளக்கின் உட்புறத்திலும், கண்ணாடியின் கீழ் ஓரத்திலும் உலர்ந்த கோலமாவைத் தூவிவிட்டு, கதவை மூடி, ஒருவர் பின்னிருக்கையைச் சாய்த்து உள்ளே உட்கார, மற்றொருவர் வெளியே குழாயைச் சன்னமாகத் திறந்து கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துக்கொண்டு வரட்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த இடம் ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. தண்ணீர் நுழைந்த வழி கோலமாவில் கோடாக விழுந்திருக்கும்.

பார்த்துவிட்டு எழுதுங்கள். படமும் போட்டால் நல்லது.


நாகலூர்க்காரன் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. ஞாயிற்றுக்கிழமை மதியம் வெயில் அடித்தபோது பக்கத்துத் தோட்டத்துப் பையனை உள்ளே உட்காரவைத்துச் செய்து பார்த்தேன்.

வைப்பர் தண்டைச் சுற்றி ஒரு பொட்டு ஈரமும் இல்லை. தண்ணீர் வந்த வழி மேல் பிரேக் விளக்கு. அதன் அடியிலிருக்கும் ஸ்பாஞ்சு வாஷர் கருவாடு போலச் சுருங்கிக் கிடந்தது. குழாய் அந்த உயரத்துக்கு வந்த அரை நிமிடத்திற்குள் கோலமாவில் இரண்டு கோடுகள் இறங்கிவிட்டன. கதவின் அடிப்பகுதியில் விரலை விட்டேன், சகதி. கீழே நான்கு துளைகள் இருக்கின்றன, மூன்று முழுவதுமாக அடைத்திருந்தன. தென்னை ஈர்க்கை விட்டுக் குத்தியதும் இரண்டு டம்ளர் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர் கொட்டியது.

சகதியை ஒரு காகிதத்தில் எடுத்து உலரவைத்துப் பார்த்தபோது, துருப்பொடி, சில்வர் ஓக் இலையின் துணுக்குகள், காபித் தொலித் தூசி ஆகியவற்றோடு செம்மை கலந்த வெள்ளை நிறத்தில் உப்புக்கல் போன்ற சிறு மணிகளும் இருந்தன. அவை என்னவென்று எனக்குப் புரியவில்லை. சென்னைக் கடற்கரை மணலாக இருக்குமோ? படம் போட்டிருக்கிறேன்.


வேதியியல் ஆசிரியர், ஓய்வு எழுதியது:

தங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது மணல் அன்று என்றே தோன்றுகிறது. காபித் தோட்டம் என்கிறீர்கள். இந்த வண்டியின் பின்பகுதியில் உர மூட்டை ஏற்றுவதுண்டா? குறிப்பாகப் பொட்டாஷ்? சில மணிகளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மணல் அப்படியே கிடக்கும், பொட்டாஷ் கரைந்துவிடும்.

அது பொட்டாஷாக இருந்தால், ஏழே மாதத்தில் துரு திரும்பியதற்கு விடை கிடைத்துவிட்டது. கடையில் நாம் வாங்கும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. கடல் உப்பு சோடியம் குளோரைடு. இரும்புக்குக் கேடு செய்வதில் இரண்டும் பங்காளிகள். எடையில் ஏறத்தாழப் பாதி குளோரைடுதான். ஈரத்தில் கரைந்த குளோரைடு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் நீராக மாறுவதோடு, இரும்பின் மேல் உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தையும் குலைத்துவிடும். இதைவிட மோசமான குணம் ஒன்று இருக்கிறது: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 84 சதவீதத்தைத் தாண்டினால், யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே பொட்டாசியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கிவிடும். ஏற்காட்டில் மூடுபனி இறங்கும் இரவுகளில் ஈரப்பதம் அதைத் தாண்டியே இருக்கும் என்பதால், மழையே பெய்யாத நாளிலும் தங்கள் கதவின் மடிப்புக்குள் உப்புநீர் இருந்துகொண்டே இருந்திருக்கும்.

மடிப்பைப் பற்றிப் பட்டறைக்காரர் சொன்னதற்கு ஒரு விளக்கம் சேர்க்கிறேன். மடிப்பின் வாயில் காற்று படுகிறது, ஆழத்தில் படுவதில்லை. ஒரே தகட்டின் ஒரு பகுதிக்கு ஆக்சிஜன் தாராளமாகவும் மற்றொரு பகுதிக்குப் பற்றாக்குறையாகவும் கிடைத்தால், இரண்டுக்கும் இடையே ஒரு சிறு மின்கலமே உருவாகி, பற்றாக்குறையான பகுதிதான் கரையும். ஆக, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் தகடு கரைந்துகொண்டிருக்க, நாம் வெளியே தெரியும் விளிம்பைத் தேய்த்துப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

பழுது பார்க்கும் முன் அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவது அவசியம். தேய்ப்பதால் குளோரைடு போகாது. தண்ணீரில் கரைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குச் சேலத்தில் பல இடங்களில் கிடைக்கும் போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு. பிடித்துவைத்த மழைநீரை வெதுவெதுப்பாகச் சூடாக்கி, மூன்று நான்கு முறை மடிப்புக்குள் பீய்ச்சிக் கழுவுங்கள்.


நாகலூர்க்காரன் எழுதியது:

கரைந்துவிட்டது ஐயா, சில நிமிடங்களில் ஒரு மணிகூட மிச்சமில்லை. ஆண்டுக்கு மூன்று தடவை சேலம் லீ பஜார் பக்கம் உரம் வாங்கி இதே வண்டியில்தான் ஏற்றி வருகிறேன். மூட்டைகளை டிக்கிக் கதவில் சாய்த்துத்தான் அடுக்குவேன். வளைவுகளில் அவை கதவின் மூடியை உரசிக்கொண்டே வரும். சென்னைக் கடலைத் தேவையில்லாமல் திட்டியிருக்கிறேன்.

ஒரு ஐயம். வெட்டி ஒட்டுப் போடுவது என்றால், நம் ஊரிலேயே துருப்பிடிக்காத எஃகு செய்கிறார்களே, அந்தத் தகட்டையே வைத்து ஒட்டிவிட்டால் என்ன?


வேதியியல் ஆசிரியர், ஓய்வு எழுதியது:

சேலத்துக்காரர் யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான், ஆனால் வேண்டாம். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதில் குறைந்தது 10.5 சதவீதம் சேர்ந்திருக்கும் குரோமியம். அது காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு மெல்லிய ஆக்சைடு திரையை உண்டாக்கிக்கொள்கிறது. அந்த ஒட்டு நன்றாகவே இருக்கும். ஒட்டைச் சுற்றியிருக்கும் சாதாரண இரும்புத் தகடு, இரண்டு உலோகங்களும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும்போது, முன்னைவிட வேகமாக அரிக்கும். துத்தநாகப் பூச்சு இதற்கு நேர் எதிரான பிறவி. இரும்புக்கு முன்பாகத் தான் கரைந்து இரும்பைக் காக்கும். காரின் தகடுகளுக்குத் துத்தநாகம் பூசுவது இதற்காகத்தான். கிரைண்டரை அளவுக்கு மேல் ஓட்டினால் முதலில் போவதும் அந்தப் பூச்சுதான்.


கொண்டலாம்பட்டி பட்டறை எழுதியது:

ஆசிரியர் ஐயா பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார். மீதியை நான் சொல்கிறேன், சற்று நீளமாக இருக்கும்.

படத்தைப் பார்த்த அளவில், அரித்த பகுதி ஏறத்தாழ ஒரு முழ நீளம், இரண்டு விரல்கடை உயரம். உள்தகட்டின் ஓரமும் ஓரிடத்தில் போயிருக்கிறது. இது ஒட்டுப் போட்டு மீட்கக்கூடிய நிலைதான். கண்ணாடிச் சட்டம் வரைக்கும் அல்லது பூட்டு பொருத்தும் இடம் வரைக்கும் அரிப்பு ஏறியிருந்தால் மாற்றத்தான் சொல்லியிருப்பேன்.

எந்தப் பட்டறையில் கொடுத்தாலும், பட்டியைக் கையில் எடுக்கும் முன், தேய்த்த இடத்தை வெள்ளித் தகடாக உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். நேரில் வர முடியாவிட்டால் படம் அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். துருவின் மேல் வைத்த பட்டி எத்தனை அழகாக இருந்தாலும் அது பஞ்சுதான். ஈரத்தை உறிஞ்சி, தகட்டோடு அணைத்து வைத்துக்கொள்ளும். போன தடவை நடந்தது அதுதான்.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். உள்மூடி, பூட்டு, குரோம் பட்டை, விளக்குகள், வைப்பர் மோட்டார் எல்லாம் வெளியே வர வேண்டும். பின்கண்ணாடியைக் கழற்றாமல் வேலை செய்வதானால் ஈரச் சாக்கைப் போர்த்தி மூட வேண்டும், ஏனென்றால் கிரைண்டரின் தீப்பொறி கண்ணாடியில் பட்டால் உருகிப் பதிந்துவிடும். தடவினால் மணல்போல நெருடும், எந்தப் பாலிஷுக்கும் போகாது. ஒரு பையன் அவசரத்தில் சாக்கைப் போடாமல் விட்டதற்கு, என் கைக்காசைப் போட்டு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

வெட்டுவது துரு முடியும் இடத்தில் அன்று, அதற்கு ஓர் அங்குலம் தள்ளி, நல்ல தகடு தொடங்கிய பிறகு. மடிப்பை விரித்து, உள்தகட்டின் ஓரத்தையும் சுத்தம் செய்து, போன இடத்தில் முதலில் உள் ஒட்டு, அதன் மேல் வெளி ஒட்டு. 22 கேஜ் சி.ஆர். தகடு (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) போதும், ஏறத்தாழக் காரின் தகட்டுக் கனமே வரும். வீட்டில் மிச்சமிருக்கும், துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டை வெட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட தகட்டைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகை, மூச்சில் போனால் அன்று இரவே குளிர்காய்ச்சல் போல உடம்பை முறித்துப் போடும். பூச்சை ஓரத்தில் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்தால்தான் ஆயிற்று.

கேஸ் வெல்டிங் இந்த வேலைக்குக் கூடாது. மெல்லிய தகடு சூட்டில் அலை அலையாக நெளிந்துவிடும், அதை மறைக்கவே அரைக் கிலோ பட்டி தேவைப்படும். சிஓ2 வெல்டிங்கில் (கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் காப்பாக விட்டுக் கம்பியால் பற்றவைப்பது) புள்ளி புள்ளியாக, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் ஆறவிட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்ப வேண்டும். அவசரக்காரனுக்கு ஆகாத வேலை.

துருவுக்கு அமிலம் போடுகிறவர்கள், பாஸ்பாரிக் அமிலத்தைப் போட்டுக் குழிகளில் ஒட்டியிருக்கும் துருவைக் கரைத்த பிறகு, நன்றாகக் கழுவித் துடைத்து, ஹாட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) அல்லது ஹாலஜன் விளக்கு வைத்து உலர்த்த வேண்டும். அமிலத்தின் மிச்சம் இருந்தால் அதன் மேல் அடிக்கும் எபாக்சி பிரைமர் (ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சு) சரியாக இறுகாது. கழுவி உலர்த்திய வெறும் தகட்டை ஒரு ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் வந்து பிரைமர் அடிப்பதும் தவறு, மஞ்சள் பூத்திருக்கும். அன்றைக்கே, சூடு ஆறியதும், எபாக்சி பிரைமர் இரண்டு கை (இரண்டு பூச்சு). மடிப்பின் உட்புறத்துக்கு, பெயின்ட் தெளிக்கும் கன் எட்டாது, வளையும் குழாய் முனை வைத்தோ நீளப் பிரஷ் வைத்தோ உள்ளேயும் போய்ச் சேர வேண்டும். ரெட் ஆக்சைடு பிரைமர் கேட்டுக்கும் கிராதிக்கும் நல்ல பொருள். அதை நம்பி இந்த மடிப்பை விடக் கூடாது.

பட்டி எபாக்சியின் மேல்தான், மெல்லிசாக. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் டிங்கர் வேலை முடியவில்லை என்று பொருள், திரும்பத் தட்டச் சொல்லுங்கள். பிறகு சர்ஃபேசர் (பரப்பைச் சமமாக்கும் பூச்சு), வாட்டர் பேப்பர் வைத்துத் தேய்ப்பு, நிறம், அதன் மேல் கிளியர் (நிறமற்ற பளபளப்புப் பூச்சு). மடிப்பின் வாயை பிரைமருக்குப் பின், நிறத்துக்கு முன், சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை) போட்டு மூட வேண்டும். அப்போது கை சற்று நீண்டு வடிகால் துளைகளையும் சேர்த்து மூடிவிட்டால் இவ்வளவு வேலையும் வீண். நான் துளைக்கு ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டு சீலன்ட் போடுவேன், முடிந்ததும் உருவிவிடுவேன்.

வேலையை இப்போது கொடுக்காதீர்கள். கார்த்திகை, மார்கழியில் காற்றில் ஈரம் அதிகம். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, பெயின்டில் பனி பிடித்து வெளுத்துவிடும். தகட்டின் சூடு பனி படியும் சூட்டைவிடக் குறைந்தது மூன்று டிகிரி கூடுதலாக இருந்தால்தான் நாங்கள் கன்னைத் தொட வேண்டும் என்பது கணக்கு. மாசி, பங்குனியில் சேலத்து வெயில் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். அதுவரை கொப்புளங்களை உடைத்து, கழுவி, உலர்த்தி, துரு மாற்றியை (துருவின் மேல் பூசும், அதைக் கறுக்கவைக்கும் திரவம்) ஒரு கை பூசி, துளைகளைத் திறந்து வைத்திருங்கள். விளக்கின் வாஷரை மட்டும் நாளைக்கே மாற்றிவிடுங்கள்.


வேதியியல் ஆசிரியர், ஓய்வு எழுதியது:

துரு மாற்றி என்றதும் ஒரு சிறு குறிப்பு. அவற்றில் பலவற்றின் உயிர்நாடி டானிக் அமிலம். அன்னபேதியையும் (இரும்பு சல்பேட்) கடுக்காயையும் சேர்த்து நம் முன்னோர் எழுதும் மை செய்தார்களே, அதே வினைதான். இரும்பும் டானினும் சேர்ந்து கருநீலமான, தண்ணீரில் எளிதில் கரையாத பொருளாகிறது. பூசியதும் துரு கறுப்பது அதனால்தான். தகட்டோடு இறுகப் பற்றிய மெல்லிய துருவுக்குத்தான் இது பயன்படும். செதில் செதிலாக நிற்கும் துருவின் மேல் பூசினால் செதிலின் மேல்தோல் மட்டும் கறுத்து, அடியில் பழைய கதை தொடரும்.


அஸ்தம்பட்டி வாசி எழுதியது:

மாற்றுவதைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே காரணத்துக்காகப் பழைய கதவு ஒன்றை வாங்கி மாட்டினேன். வாங்கும்போது பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து, கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைக் கீழ்விளிம்பில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டு இடங்களில் அது ஒட்டவே இல்லை. தகடு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி. என் கதவின் துருவைக் கொடுத்துவிட்டு வேறொருவரின் துருவை விலைக்கு வாங்கியிருக்கிறேன். கடையிலேயே காந்தத்தை எடுத்திருக்க வேண்டும்.

நம்பர் பலகை கதவிலேயே இருக்கும் வண்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. உயர்பாதுகாப்புப் பலகையின் பூட்டு ஆணிகளை உடைத்துத்தான் எடுக்க முடியும், அவை மறுபடி பயன்படா. அந்த ஆணிக்காகத் துளையிட்டபோது துளையின் ஓரத்தில் யாரும் பெயின்ட் தொட்டிருக்க மாட்டார்கள். உங்கள் கொப்புளம் நம்பர் பலகைக்குக் கீழே என்கிறீர்கள், அந்தத் துளைகளையும் பார்த்துவிடுங்கள்.


மஞ்சக்குட்டை ஓட்டுநர் எழுதியது:

அண்ணா, நானும் மலைக்காரன்தான், தோட்டத்து வண்டிகளை ஓட்டுகிறேன். வராமல் பார்த்துக்கொள்வதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வண்டிக்கு உறை போடுகிறீர்களா? போட்டால் நிறுத்திவிடுங்கள். நனைந்த வண்டியின் மேல் உறை போடுவது, ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பதைப் போல. நான்கு பக்கமும் காற்றோடும் தகரக் கொட்டகை எந்த உறையையும்விட நல்லது. சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தினால் இலை உதிர்ந்து கண்ணாடியின் அடியிலும் விளிம்பிலும் போய் அடைத்துக்கொள்ளும். பனி சொட்டி முடிய காலை பத்து மணி ஆகும்.

மலையேறுகிறவர்களுக்கு மட்டும் உள்ள சங்கடம் ஒன்று. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர வித்தியாசம், எட்டு டிகிரி அளவுக்குக் குளிர் கூடும். கீழே வெதுவெதுப்பான காற்றை நிரப்பிக்கொண்டு வந்த கதவு, இரவில் மேலே குளிரும்போது அந்தக் காற்றிலுள்ள ஈரம் உள்தகட்டில் முத்து முத்தாகப் படியும். ஒழுகலே இல்லாத கதவிலும் விடியற்காலையில் கையை விட்டால் ஈரம் இருக்கும். ஆகையால் வெயில் வரும் மதியங்களில் டிக்கியை ஒரு மணி நேரம் திறந்து வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உரம் ஏற்றும்போது தார்ப்பாயை அடியில் மட்டும் விரித்தால் போதாது. கதவுப் பக்கம் மடக்கி ஏற்றி, மூட்டையின் தலைக்கு மேல் மூடிவிட வேண்டும். இறக்கியதும் கதவின் உள்விளிம்பையும் பூட்டு விழும் இடத்தையும் முதலில் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, பிறகு தண்ணீர் விடுங்கள். எடுத்ததும் தண்ணீர் விட்டால் தூளைக் கரைத்து நாமே உள்ளே அனுப்புகிறோம்.

வேலை முடிந்த பிறகு மடிப்புக்குள் கேவிட்டி வேக்ஸ் (உட்குழிவுகளில் தெளிக்கும் மெழுகு) அடிக்கச் சொல்லுங்கள். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்கள் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) பழைய எஞ்சின் ஆயிலைப் பூசுவதைப் பார்த்து, எங்கள் முதலாளி ஒருவர் காரின் கதவுக்குள்ளும் அதையே ஊற்றச் சொன்னார். ரப்பர் பீடிங் ஊறிப் பெருத்து, பின்னிருக்கையில் உட்கார்ந்தவர்களின் துணியெல்லாம் கறை. லாரி சேசிஸில் ரப்பரும் இல்லை, பட்டுப்புடவையும் உட்காருவதில்லை.


கொண்டலாம்பட்டி பட்டறை எழுதியது:

தம்பி சொன்னது சரி. வேக்ஸ் அடிப்பது, பெயின்ட் வேலை எல்லாம் முடிந்து நன்றாக இறுகிய பிறகுதான். முன்னால் அடித்தால் பெயின்ட் ஒட்டாது. அடித்ததும் கதவை முழுவதும் திறந்து சிறிது நேரம், பாதி திறந்து சிறிது நேரம், மூடிச் சிறிது நேரம் என்று வைத்தால் வேக்ஸ் ஓடி மடிப்பின் மூலைகளில் இறங்கும். மறுநாள் ஈர்க்கை விட்டுத் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப அடித்தால் போதும்.


நாகலூர்க்காரன் எழுதியது:

நீண்ட நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். மாசி கடைசியில் சேலத்தில் ஒரு பட்டறையில் வேலையைக் கொடுத்தேன். ஆறு நாள் ஆயிற்று, பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய். வெட்டிய பிறகு வரச் சொன்னார்கள். எடுத்த பழைய விளிம்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேற்புறம் அதற்கு முந்தைய சித்திரையில் அடித்த பெயின்ட் மங்காமல் இருந்தது, திருப்பிப் பார்த்தால் தகடே இல்லை, பட்டியின் மேல் அடுக்கடுக்காகத் துரு மட்டும் ஒட்டியிருந்தது. பட்டறை நண்பர் சொன்ன ஓர் அங்குலக் கணக்கு எங்களுக்கு ஒன்றரை அங்குலமாயிற்று. அஸ்தம்பட்டி நண்பர் சொன்னபடி நம்பர் பலகையின் இடப்பக்கத் துளையைச் சுற்றியும் துரு தொடங்கியிருந்தது. பலகையைக் கழற்றாமல், உட்புறமாகவே சுத்தம் செய்து பிரைமர் பூசியிருக்கிறார்கள். அது எத்தனை நாள் தாங்கும் என்பதில் எனக்கு ஐயம்தான், புதுப் பலகைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அதையும் முழுவதுமாகப் பார்த்துவிடுவேன்.

நிறத்தில் கொஞ்சம் வேறுபாடு இருக்கிறது, சாய்வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும். என் மனைவிக்குத் தெரிகிறது, எனக்குப் பழகிவிட்டது.

உரத்தை இப்போது பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து வாடகை வண்டியில் ஏற்றிவிடுகிறேன். ஐப்பசி மழை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. நேற்று உள்மூடியைக் கழற்றி, அடிப்பகுதியில் செய்தித்தாள் ஒன்றை மடித்து வைத்தேன், இரவெல்லாம் மழை. காலையில் எடுத்தபோது தாளின் ஒரு மூலை மட்டும் நமுத்திருந்தது, அச்சு கலையவில்லை. நான்கு துளைகளில் வலப்பக்கக் கடைசித் துளையிலிருந்து ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே விழுந்தது.